கோட்டுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் தூங்கி, எழுந்தால் வாயாடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் குறைவில்லாமல் இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி வந்தால் எங்களுக்கு அது போதும். வழக்கமாக எனக்குக் கடிதம் எழுதித் தரும் மாடிவீட்டுத் தட்டச்சுக்காரர் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் இந்தத் தடவை உன் மனைவிதான் எழுதுகிறாள். அதில் ஒரு சங்கடம், இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் அவளைப் பற்றியது. நல்லதாக ஏதாவது சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. "இதெல்லாம் எதுக்கு மாமா" என்கிறாள். எழுத்து தெரியாத மனுஷன்தானே என்று இரண்டு வரியை விழுங்கியும் பார்த்தாள். முதல் தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எந்த இடத்தில் எந்த வார்த்தை காணோம் என்று நான் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அதனால் ஒவ்வொரு தாளையும் வாசிக்கக் கேட்ட பிறகுதான் அடுத்த தாளுக்குப் போகிறேன், இதில் இருப்பது எல்லாம் நான் சொன்னதுதான் என்று நீ நம்பிப் படிக்கலாம்.

உன் கடிதம் இந்த மாதம் நான்காம் தேதி புதன்கிழமை, மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் ஓரம் நனைந்து வந்தது. ஒரு தடவை வாசித்துக் காட்டினாள், எனக்கு ஒரு தடவை போதும். முதல் பக்கத்தில் நீ வேலை பார்க்கும் கிடங்கின் குளிரில் விரல் மரத்துப் போகிறது என்று எழுதியிருந்தாய். ஒரு கையுறைக்கு மேல் இன்னொன்று போட்டுக்கொள், உள்ளே போடுவது பருத்தியாக இருக்கட்டும், ஈரமானால் உடனே மாற்று. உன் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, நல்லபடியாக இருக்கிறாள். இனிமேல் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று டாக்டர் சொன்னார், கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து அவள் முதலில் பார்த்துச் சொன்னது கூடத்துச் சுவரில் நான் அடித்த வெள்ளை ஒரு சீராக இல்லை என்பதுதான். ஐம்பது வருஷம் ஊரார் வீட்டுக்கு எல்லாம் பெயிண்ட் அடித்தவனுக்கு வீட்டில் இந்தப் பெயர். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதையும் சரி பண்ணியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அவளுடைய டீச்சர் வேலை ஒரு வருஷத் தற்காலிக வேலைதானே, இந்த மாதத்துக்குள் நிரந்தரம் ஆகாவிட்டால் விட்டுவிட்டுக் கிளம்பி வரட்டும், ஆகிவிட்டால் வருவதும் இருப்பதும் அவள் இஷ்டம் என்று எழுதியிருந்தாய். நியாயமான பேச்சு, நான் குறை சொல்லவில்லை. கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது பதினொரு மாதமும் ஆறு நாளும். ஆனால் அந்த வேலை நிரந்தரம் ஆவதும் ஆகாததும் ஒரே ஒரு பாடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பாடத்தில் நான் கையை வைத்துக் கெடுத்துவிட்டேன். வேறு யார் வாயாலாவது உனக்கு வரும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கல்வி அதிகாரி அம்மா பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார், பார்த்து அவர் எழுதுவதுதான் முடிவு என்று தலைமை ஆசிரியர் இவளிடம் சொல்லிவிட்டார். மூன்றாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள், பாடம் சமச்சீர்க் கோடு. நீ எப்போதோ படித்து மறந்திருப்பாய், நான் இப்போதுதான் படித்தேன், அதனால் சொல்கிறேன். ஒரு படத்தை ஒரு கோட்டில் மடித்தால் இந்தப் பாதி அந்தப் பாதி மேல் பிசகாமல் போய் உட்கார வேண்டும், அப்படி உட்கார்ந்தால் அந்தக் கோடு சமச்சீர்க் கோடு. இரண்டு வாரமாகச் சமையலறை மேஜைதான் வகுப்பு, நானும் உன் அம்மாவும்தான் பிள்ளைகள். வீட்டில் மடிக்காத தாள் ஒன்று பாக்கியில்லை, உன் அம்மா கண் மருந்துச் சீட்டைத் தேடினால் அது வண்ணத்துப்பூச்சியாகக் கிடக்கிறது. சதுரத்துக்கு எத்தனை கோடு என்று கேட்டாள். உன் அம்மா இரண்டு என்றாள், நான் மூலைக்கு மூலையும் சேர்த்து நான்கு என்றேன், நான் சொன்னது சரியாகிவிட்டது. அந்தத் தெம்பில் நீள்சதுரத்துக்கும் நான்கு என்றேன். இரண்டுதான் மாமா என்றாள். அது எப்படி, ஒரு கதவை மூலைக்கு மூலை அறுத்தால் இரண்டு துண்டும் ஒரே அளவு, வேண்டுமானால் தராசில் போட்டுப் பார் என்றேன். "ஒரே அளவுதான் மாமா, ஆனா மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது" என்றாள். எத்தனை கதவுக்கு பெயிண்ட் அடித்தவன் நான், என்னிடமா என்று மூன்று நாள் வாதாடினேன். நாலாம் நாள் அவள் ஒரு தாளை என் முன்னால் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மூலைக்கு மூலை மடித்தேன். இரண்டு பக்கமும் கழுதைக்காது மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "மடிச்சவர் சாடை அப்படியே இருக்கு" என்றாள்.

பதினான்காம் தேதி சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. வகுப்பறையின் பின் சுவர் ஒன்றைப் படம் வரைந்துகொள்ள விட்டுத் தருவதாகத் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார், இவள் காலையிலேயே என்னுடைய சின்ன பிரஷ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டு இருட்டும் நேரத்துக்குத் தலைமுடியெல்லாம் பெயிண்டோடு வந்தாள், சாப்பிட்டது பாதி, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பு ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை அடித்துத் தரச் சொல்லித் தலைமை ஆசிரியர் என்னிடம் சாவி கொடுத்திருந்தார், அதற்காக நான் போனேன். கதவைத் திறந்ததும் என் கண் பின் சுவருக்குத்தான் போயிற்று. ஏழு படம். வண்ணத்துப்பூச்சி, பூச்சாடி, நண்டு, மூக்குக்கண்ணாடி, வீடு, ஒரு பெண்பிள்ளை முகம், கீழே தரையோரமாக ஒரு இலை. ஏழும் பாதிதான். நடுவில் புள்ளி வைத்த கோடு, கோட்டுக்கு இடது பக்கம் படம், வலது பக்கம் வெறும் வெள்ளை. மேலே பெரிதாக ஒரு வரி எழுதியிருந்தது, எழுத்து எனக்கு எறும்பு வரிசை. பாவம், பொழுது போய்விட்டது, பாதியோடு விட்டுவிட்டு வந்துவிட்டாள், செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து பார்த்தால் என்ன நினைப்பார் என்றுதான் நினைத்தேன். பாதியில் நின்ற சுவரை விட்டுவிட்டு நான் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை, உனக்கே தெரியும். உடனே வேலையை ஆரம்பித்தேன். அவள் பாதி மேல் மெல்லிய தாளை வைத்து நகல் எடுத்து, வரைந்த கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, தாளைத் திருப்பி வலது பக்கம் வைத்து, கரித்தூளைத் துணியில் கட்டித் தட்டினால் புள்ளி புள்ளியாக இறங்கும், புள்ளியைச் சேர்த்தால் படம். ஆயில் பெயிண்ட்தான் போட்டேன், வருஷக்கணக்கில் நிற்கும். அவள் பக்கம் மங்கலாகத் தெரியக் கூடாதென்று அதன் மேலும் ஒரு கை ஓட்டினேன். பொழுது சாயும்போது ஏழும் முழுசாக நின்றன. அந்த எழுத்து வரி மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று சுற்றிலும் பூ வைத்து ஒரு பார்டரும் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை அவளே பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வந்தாள். நான் பாராட்டு வாங்குவதற்காகச் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பையை வைத்தாள். ரொம்ப நேரம் முகம் கழுவினாள். வந்து, "நேத்து பள்ளிக்கூடத்துக்குப் போனீங்களா மாமா" என்று கேட்டாள். போனேன்மா என்றேன். "ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்லா இருக்கு என்று சொல்கிற குரல் அது இல்லை. உன் அம்மா பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். "மேலே என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? மீதிப் பாதி உங்களுடையது, வரையுங்கள்னு பிள்ளைங்களுக்கு எழுதி வெச்சிருக்காளாம். அவங்க வரையறதுதானாம் பாடமே. அதுக்கு நீங்க பூப்போட்டுப் பார்டர் வேற கட்டியிருக்கீங்க" என்றாள். இப்பவே போய் வெள்ளை அடித்து மறைத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். உள்ளேயிருந்து, "ஈரச் சுவத்துல காலையில பிள்ளைங்க எப்படி மாமா வரைவாங்க" என்று குரல் வந்தது. தொழில்காரன் எனக்கே அது தெரியும், ஆயில் பெயிண்ட் மேல் இரண்டு கை அடிக்காமல் மறையாது, அது காயாது, அந்த வாடையில் குழந்தைகள் இருமிக்கொண்டே இருக்கும். உன் அம்மா விடுவாளா, "மருமகளை வண்டி ஏத்தி அனுப்ப நீங்களே டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டீங்க" என்றாள். இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, தான் அன்று அழவில்லை, சோப்புதான் கண்ணில் பட்டது என்கிறாள். இரண்டையும் எழுதும்மா, படிக்கிறவன் உன் புருஷன், எது என்று அவனுக்குத் தெரியும் என்றேன்.

என்னை ஒரு சொல் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சாப்பிட்டு எழுந்து, வெட்டி வைத்திருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, மெல்லிய தாளை எடுத்து வேறு மாதிரி வெட்ட ஆரம்பித்தாள். மறுநாள் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. ஜன்னல் கம்பி வேலை பாக்கி இருக்கிறதே, அந்தச் சாக்கில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டேன். ஒன்று சொல்கிறேன் கேள். இந்த ஐம்பது வருஷத்தில் எத்தனை பள்ளிக்கூடத்துக்கு பெயிண்ட் அடித்திருக்கிறேன், எல்லாம் லீவு நாளில்தான். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பெற்றோர் கூட்டம் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள், நீ அதை என்னிடம் காட்டாமல் பையின் அடியில் வைத்துக்கொண்டாய், அதில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள் என்று உனக்குப் பயம். பரவாயில்லை, அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, ஞாபகத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அதிகாரி அம்மா மடியில் குடையோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், குழந்தைகளின் பெஞ்சு, முட்டி இடித்துக்கொண்டிருந்தது. இவள் என்ன செய்யப்போகிறாள் என்று நான் கம்பியில் ஒரே இடத்தில் நாலு தடவை அடித்துக்கொண்டிருக்கிறேன். இவள் பிள்ளைகளைப் பின் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்து, இந்தச் சுவரில் ஒரு பாதியை நான் வரைந்தேன், இன்னொரு பாதியை வேறொருத்தர் வரைந்தார், கோட்டில் மடித்தால் இரண்டும் சரியாக உட்காருமா என்று கேட்டாள். உட்காரும் என்று முப்பத்திரண்டும் கத்தின. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எப்படித் தெரியும், மடித்துப் பார்த்தீர்களா என்றாள். ஒரு பையன் எழுந்து, "சுவத்தை மடிச்சா மாடி விழுந்துடும் டீச்சர்" என்றான். அப்படியானால் மடிக்க முடியாத சுவரை எப்படி மடிப்பது என்று கேட்டாள். அப்புறம் ஒரு பெண்பிள்ளை, எந்நேரமும் கையைத் தூக்கியபடியே இருப்பதால் வகுப்பே அவளைக் கேள்வி என்றுதான் கூப்பிடுகிறது, அது எழுந்து, மேலே தாளை வைத்து வரைந்துகொண்டு தாளைத் திருப்பினால் போதுமே டீச்சர் என்றது. நான் கரித்தூள் தட்டிச் செய்த அதே வேலை! இவள் அந்த மெல்லிய தாள்களை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். திங்கட்கிழமை உட்கார்ந்து வெட்டியது அதற்குத்தான். அப்புறம் பார்க்கணுமே, போலீஸ்காரர்கள் தடயம் தேடுகிற மாதிரி சுவரை மொய்த்துக்கொண்டன. வண்ணத்துப்பூச்சி சரி, நண்டு சரி, மூக்குக்கண்ணாடி சரி. இலை ஒரு விரல் கீழே இறங்கியிருக்கிறது என்று ஒருத்தன் கண்டுபிடித்தான். உண்மைதான், தரையோரப் படம், முட்டி மடங்காமல் ஒருக்களித்து உட்கார்ந்து போட்டேன், தாள் நழுவியிருக்கிறது. முகத்தில் இந்தக் கன்னத்தில் மச்சம் இருக்கிறது, அந்தக் கன்னத்தில் இல்லை என்று இன்னொன்று. அப்புறம் பெரிய கூச்சல், வீட்டுக் கதவில் இடது பக்கம் கைப்பிடி இருக்கிறது வலது பக்கம் காணோம் என்று.

கேள்வி என்ற அந்தப் பிள்ளை தன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஜன்னலுக்கு ஓடி வந்தது. கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தது. பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன், பெருவிரல் நகக்கண்ணில் ஞாயிற்றுக்கிழமை நீலம் போகாமல் இருந்தது. "டீச்சர், இந்தத் தாத்தா நகத்துல பட்டாம்பூச்சி நீலம் இருக்கு!" என்று ஊர் கேட்கக் கத்தியது. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கிறது, அதிகாரி அம்மாவும் பார்க்கிறார். ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை. இவள் என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "உள்ள வாங்க மாமா" என்றாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். எழுபத்தொரு வயசில் முதல் தடவை ஒரு வகுப்புக்கு முன்னால் நிற்கிறேன், கை தானாகக் கட்டிக்கொண்டது. ஏன் தாத்தா கைப்பிடி போடலை என்று கேட்டார்கள். எந்த வீட்டுக் கதவுக்காவது ரெண்டு கைப்பிடி பார்த்திருக்கீங்களா, அதான் போடலை என்றேன். மச்சம்? ரெண்டு கன்னத்திலும் ஒரே இடத்தில் யாருக்காவது மச்சம் இருக்குமா என்றேன். துளை போடும்போது புத்தியோடு அதை இரண்டையும் விட்டுவிட்டதாக எனக்கு நினைப்பு. பிள்ளைகள் யோசித்தன. அந்தக் கேள்வி விடவில்லை, "எங்க வீட்டு பீரோவுக்கு ரெண்டு கைப்பிடி இருக்கே தாத்தா" என்றது. பீரோவை நான் மறந்துவிட்டேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்து உடனே நின்றது. இவள் அப்போது கேட்டாள், தாத்தா சொல்கிற கதவு நிஜத்தில் சரி, ஆனால் இந்தப் படம் கோட்டில் மடிந்து உட்கார வேண்டுமென்றால் என்ன செய்யலாம் என்று. பாதிப் பேர் இன்னொரு கைப்பிடி போடணும் என்றார்கள், பாதிப் பேர் இருக்கிறதை அழிச்சுட்டாலும் சரியாகிடும் என்றார்கள். இரண்டும் சரி என்றாள். ஆயில் பெயிண்ட் மேல் சாக்பீஸ் வழுக்கும், அதனால் நான் என் சின்ன பிரஷைப் பச்சையில் தொட்டு நீட்டினேன். கேள்வி வந்து கோட்டுக்கு வலது பக்கம் ஒரு கைப்பிடி போட்டது. கொஞ்சம் கோணல், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இன்னொன்று வந்து மச்சம் வைத்தது, பச்சை மச்சம். அதற்கப்புறம் அந்தக் கதவுக்கு மூலைக்கு மூலை கோடு போட்டால் சமச்சீரா என்று கேட்டாள், பாதி வகுப்பு ஆமாம் என்று கை தூக்கியது. எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை, "நானும் மூணு நாள் அப்படித்தான் சண்டை போட்டேன், தோத்துட்டேன்" என்றேன். ஆளுக்கொரு தாளை மடித்துப் பார்க்கச் சொன்னாள். எல்லாத் தாளிலும் கழுதைக்காது. நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது, அதிகாரி அம்மா கையில் இருந்த தாளிலும் இரண்டு காது நீட்டிக்கொண்டிருந்தது, அவர் அதைச் சத்தமில்லாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன்.

மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் அதிகாரி அம்மா பாடக் குறிப்பைப் புரட்டி, பிள்ளைகள் மறுபாதியை வரைவார்கள் என்றுதானே இதில் எழுதியிருக்கிறீர்கள், சுவரில் எல்லாம் முழுசாக இருக்கிறதே என்று கேட்டார். நான்தான்மா, எனக்கு எழுத்து தெரியாது, எழுதியிருந்தது புரியாமல் முடித்துவிட்டேன், அவள் மேல் தப்பில்லை என்று குறுக்கே விழுந்தேன். இவள், "தப்பு நடந்துபோச்சு மேடம், அதை மறைக்க நேரமில்லை, அதை வெச்சே பாடம் நடத்தினேன்" என்றாள். அந்த அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் ஒன்பது நாள். உன் அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போதுகூட, அவ பெட்டியைக் கட்டினா உங்களைத்தான் சொல்லணும் என்று சொல்லிக்கொண்டே விட்டுக்கொண்டாள். இவள் தினமும் எனக்கு டீ கொடுத்தாள், அதில் எப்போதும் போலவே சர்க்கரை இருந்தது. இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். அதிகாரி எழுதியிருந்ததைத் தலைமை ஆசிரியர் வாசித்துக் காட்டினாராம், பாடம் குறிப்பின்படி நடக்கவில்லை, ஆனால் நடந்தது பாடம் என்று. உன் அம்மா அன்று என்னிடம், "கூடத்துச் சுவர் அவ்வளவு மோசமில்லை" என்றாள்.

நேற்று சனிக்கிழமை இன்னொரு வேலை. அடுத்த வகுப்புக்கும் இதே மாதிரி சுவர் வேண்டும், ஆனால் பாதிதான் வேண்டும், உங்களால் முடியுமா என்று தலைமை ஆசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார். முடியாதா என்று போய்விட்டேன். போன பிறகுதான் தெரிந்தது, இதுவரை செய்ததில் கஷ்டமான வேலை இதுதான் என்று. ஒரு மீன் போட்டேன், தலையிலிருந்து முதுகுவரை இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் நிறுத்த வேண்டும், கை நிற்கவே மாட்டேன் என்கிறது, பழகிய மாடு தானாக வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி அந்தப் பக்கம் போகிறது. இவள் பக்கத்தில் நின்று கோட்டின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள், அவள் விரலில் பட்டுத்தான் பிரஷ் நின்றது. ஏழும் பாதியாக நிற்கும் சுவரை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உள்ளங்கை அரித்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து கோணலும் மாணலுமாக முடிப்பார்கள், முடிக்கட்டும், அது அவர்கள் பக்கம்.

இப்போது உன் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். வேலை நிரந்தரம் ஆகிவிட்டதால் வருவதும் இருப்பதும் அவள் இஷ்டம் என்று நீ எழுதியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. அவ இங்கேதான் இருப்பான்னு எழுதிடுங்க என்று உன் அம்மா மூன்று நாளாக என் காதைக் கடிக்கிறாள். நானும் உனக்குச் சொல்ல நாலு வரி கட்டி வைத்திருந்தேன், அழகான வரிகள், வியாழக்கிழமையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. அதை இந்தக் கடிதத்தில் சொல்லப்போவதில்லை. அவளிடம் நான் கேட்கவும் இல்லை, உன் அம்மாவையும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் உன்னிடம் வருவாள் என்றால் நான் பெட்டி தூக்கிக்கொண்டு வண்டிவரைக்கும் போவேன், இங்கே இருப்பாள் என்றால் நீ அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் நாம் இரண்டு பேரும் இப்போதே தயாராகிக்கொள்வோம்.

இருமல் இருந்தால் வெந்நீர் குடி. ஏணியில் ஏறினால் மேல் படிக்கு முந்தைய படியில் நின்றுவிடு, மேல் படி நிற்பதற்கு இல்லை. நீயும் அவளும் நோய் நொடி இல்லாமல், எந்த ஊரில் இருந்தாலும் ஒருவர் முகத்தில் ஒருவர் சிரிப்பைப் பார்த்து நீண்ட காலம் வாழ வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் வாழ்த்துகிறோம். பதில் எழுதும்போது எனக்கு ஒரு தாளும் அவளுக்கு ஒரு தாளும் தனியாக எழுது, மறந்துவிடாதே. இந்தத் தாளில் பாதிதான் எழுதியிருக்கிறது. நடுவில் புள்ளி வைத்து ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன். கோட்டுக்குக் கீழே இருப்பது அவளுடையது. அவள் எழுதி முடித்ததும் உறையை அவளே ஒட்டிவிடலாம், அந்தப் பாதியை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா, பெருவிரல் ரேகை, நகத்தோரத்தில் பச்சையோடு

. . . . . . . . . . . . . . . . . . . .